மச்சாள் மொழிபெயர்த்த அரண்மனை

மூன்று மணிக்கு முன்பே தேத்தண்ணி தயாராக இருந்தால் அரண்மனையில் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். சோபாவின் இடது ஓரத்தில் காலை மடித்து மச்சாள் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு பிஸ்கட் டின், அதில் சாய்த்து வைத்த டேப்லெட். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "கெதியா வாரும், ராசாவின்ர தாய் அந்தப் பெட்டையைக் கூப்பிட்டு விட்டிருக்கிறா" என்பார். அந்த நேரத்தில் லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் கொரிய நாடகத்து அரச குடும்பம் முழுவதும் கூடியிருக்கும். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போவார். உள்ளே பட்டு உடுத்த ஒரு கிழவி, இமைகூட வெட்டாமல், ஓர் ஏழைப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

பிடிக்காமல் என்ன, என் தொழிலும் அதுதான். ஒரு சூப்பர்மார்க்கெட்டில், ஆட்கள் தாங்களே ஸ்கேன் பண்ணிக் காசு கட்டும் இயந்திரங்களுக்குப் பொறுப்பாக நிற்கிறேன். அவகாடோவை வெங்காயம் என்று அழுத்துகிறவர்கள், பிள்ளையின் தள்ளுவண்டிக்குக் கீழே இறைச்சிப் பெட்டியை மறந்துபோகிறவர்கள், எல்லோரையும் தோளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். கள்ளம் செய்கிறவரின் தோள் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அந்த வேலை என்னைச் சந்தேகக்காரி ஆக்கிவிட்டது என்று என் கணவர் சொல்வார். அது பொய். நான் சந்தேகக்காரியாக இருந்தபடியால்தான் அந்த வேலையில் என்னை வைத்திருக்கிறார்கள்.

மச்சாள் என் கணவரின் அக்கா. இவரைவிட ஆறு வயது மூப்பு. இருபத்தெட்டு வருடம் பாரிஸில் இருந்தவர். ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கும் வேலை. அந்த வேலையோடு வேலையாக, படுக்கையில் விழுந்துவிட்ட கணவரைப் பத்து வருடம் பார்த்தார். பிள்ளைகள் இல்லை. கணவர் போன பிறகு, "தனிய இருந்து என்ன செய்யப் போறியள் அக்கா" என்று இவர் கூப்பிட, இரண்டு பெட்டிகளோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தார். நான் நல்லபடியாகத்தான் வரவேற்றேன். ஆனால் மறுநாள் காலையில் எங்கள் குளியலறைத் துவாய்கள் எல்லாம் ஹோட்டலில் போல மூன்றாக மடித்து அடுக்கியிருந்ததைப் பார்த்ததும், மச்சாள் எங்களோடு இருக்க வந்தாரா, எங்களைத் திருத்த வந்தாரா என்று யோசித்தேன். என் சந்தேகம் அப்படித் தொடங்கியதுதான்.

அந்த நாடகத்தின் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொரியாவில் இன்றைக்கும் ராஜா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனையில் வைஃபை உண்டு, மின்சாரக் கார் உண்டு, ஆனால் இளவரசருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரியாது. பொரித்த கோழி கொண்டுவந்து கொடுக்கும் மோட்டார் சைக்கிள் பெண் ஒருத்தி தவறுதலாக அரண்மனைப் பின்வாசலால் உள்ளே வந்துவிடுகிறாள். அவளையே கட்டுவேன் என்று அவர் நிற்கிறார். உடனே அரண்மனைத் தலைமைப் பணிப்பெண் ஒரு கறுப்புக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் ஊருக்குப் போய், பாட்டன் யார், பூட்டன் யார், தாய்க்கு என்ன நோய் வருத்தம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறாள். எழுதும்போதெல்லாம் வழுக்கி விழுகிறாள், நாய் துரத்துகிறது, எங்களுக்குச் சிரிப்பு. ஆனாலும் எனக்கு அவள் மேல் மரியாதை. எங்கள் ஆட்கள் டெலிபோனில் செய்வதை அவள் காலால் நடந்து செய்தாள், அவ்வளவுதான்.

அந்த டேப்லெட் பாரிஸில் இருந்து வந்தது. கீழே ஓடும் எழுத்துகள் பிரெஞ்சில் இருக்கும். மச்சாளுக்கு ஆங்கிலம் வேகமாக வாசிக்க ஏலாது, எனக்குப் பிரெஞ்சில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆகவே அவர் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வார். "அவர் என்ன சொல்லுறார் எண்டால்" என்று தொடங்குவார். பிறகு இளவரசர் முதல் வாசல்காவலன் வரை எல்லோரும் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசுவார்கள். கிழவி நாலு சொல் சொன்னால் மச்சாள் நாற்பது சொல் சொல்வதுபோல எனக்குப் பட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன், இவ்வளவையுமா அவள் சொன்னாள் என்று. "கொரியா பாஷை அப்பிடி, சுருக்கமாச் சொல்லுவினம்" என்றார், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். நான் அவருடைய தோளைப் பார்த்தேன். கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

இதற்கிடையில் என் மகள். ஒரே பிள்ளை, அப்போது இருபத்தாறு வயது, வேலைக்குப் போகிறவள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள் ஆகையால் மாமியாகிய மச்சாளோடு பிரெஞ்சில் கதைப்பாள். முதலில் எனக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு கவனித்தேன். நான் குசினிக்குள் போனால் பிரெஞ்சு நின்றுவிடும், கறிக்கு உப்புப் போட்டாயா என்று தமிழ் தொடங்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இயந்திரத்தடியில் அப்படி இரண்டு பேர் ஒன்றாகச் சிரித்தால் நான் கட்டாயம் பையைத் திறந்து பார்ப்பேன். என் வீட்டில் எந்தப் பையைத் திறப்பது? பிள்ளை யாரையோ பார்க்கிறாள், மச்சாளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று முடிவுகட்டினேன். அந்த நாடகத்தையும் எனக்கு வேண்டுமென்றே காட்டுகிறார், அரண்மனைக்குள் வந்த பொரித்த கோழிப் பெட்டையைப் பார்த்துப் பார்த்து என் மனம் இளகட்டும் என்று. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. நான் பெற்ற பிள்ளையின் வாழ்க்கை எனக்குத் தெரியாத பாஷையில் தீர்மானிக்கப்படுகிறது என்ற பயம்.

அந்தப் பயத்துக்குத் தோதாக வெள்ளிக்கிழமைகள் இருந்தன. வெள்ளிக்கிழமை காலையில் மச்சாள் லூயிஷாம் கோயிலுக்குப் போவார். எங்கள் பக்கத்திலேயே கோயில்கள் இருக்க, ஸ்ட்ராட்போர்டில் இறங்கி, ஓட்டுநர் இல்லாத அந்தச் சின்ன ரயிலுக்கு மாறி, தேம்ஸ் நதிக்கு அடியால் போய்க் கும்பிட வேண்டிய அவசியம் என்ன? திரும்பி வரும்போது திருநீற்றோடு ஒரு ஐஸ்கிரீம் டப்பாவும் வரும். உள்ளே பருத்தித்துறை வடை. மெல்லிசாக, ஓரம் உடையாமல், எண்ணெய் வடிய வைத்துப் பொறுமையாகப் பொரித்தவை. கோயிலில் தெரிந்த ஆட்கள் தந்தார்கள் என்பார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த டப்பாவை வெறுமையாகக் கொண்டுபோக மாட்டார், எள்ளுருண்டையோ பயற்றம் பணியாரமோ வைத்துத்தான் கொண்டுபோவார். ஒரு வாரம் இரண்டு வாரம் என்றால் பரவாயில்லை. அந்த டப்பா ஐந்து மாதம் போய் வந்தது.

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் அந்தக் கோயிலில் பூக்கட்டுகிறவர். மச்சாளுக்கு வடை கொடுப்பது யார் என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஓம், ஜெர்மனியில இருந்து வந்த ஒரு குடும்பம். தாய் இல்லை. தகப்பன் பைப் வேலை செய்யிறவர், தங்கமான மனுசன். மகன் பல் டொக்டர், முப்பது வயசிருக்கும், இன்னும் கட்டேல்லை" என்றார். எனக்கு அது போதும். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. முப்பது வயதுப் பல் டாக்டர், கட்டவில்லை, வடை வருகிறது, பணியாரம் போகிறது. மச்சாள் என் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறார், தாயாகிய என்னை வாசலில் நிற்கவைத்துவிட்டு.

கேட்டிருக்கலாம். இப்போது அதைத்தான் நினைக்கிறேன், ஒரே வீட்டில், ஒரே சோபாவில் இருந்த ஆளிடம் வாய் திறந்து கேட்டிருக்கலாம். நான் விசாரித்தேன். எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை உண்டு. பெண்ணின் பெயரைச் சொல்லக் கூடாது. நாளைக்குச் சரிவராவிட்டால், கேட்டு விட்டுவிட்ட பெட்டை என்ற பெயர் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே "எங்கட வீட்டில ஒரு ஆளுக்கு" என்றுதான் தொடங்க வேண்டும். பெடியனைப் பற்றியும் நேரே கேட்கக் கூடாது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பெடியனைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? தகப்பனைக் கேட்டால் மகனை அறியலாம் என்பதுதான் கணக்கு. வெம்பிளியில் என் கணவருடைய ஒன்றுவிட்ட தமையன், சுவிஸில் என்னோடு படித்தவள், டொரன்டோவில் என் பெரியம்மாவின் மகள், இன்னும் இரண்டு பேர். ஐந்து பேரிடமும் ஒரே கேள்விகள். அந்த மனுசன் குடிக்கிறவரோ, ஜெர்மனியை விட்டு ஏன் வந்தவர், பெண்சாதி என்ன வருத்தத்தில் போனவ, வேறு தொடுப்பு ஏதும் இருந்ததோ. ஐந்து பேரும் ஒருவருக்கும் மூச்சு விடமாட்டோம் என்றார்கள். எனக்குக் கறுப்புக் கொப்பி ஒன்றுதான் குறை.

என் கேள்விகள் சுவிஸுக்கும் டொரன்டோவுக்கும் போய், நாலே நாளில் லூயிஷாமுக்கு வந்து சேர்ந்தன. அந்த வாரம் வெள்ளிக்கிழமை மச்சாள் மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். கையில் டப்பா இருந்தது. குசினி மேசையில் வைத்தார், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். காலையில் கொண்டுபோன எள்ளுருண்டை அப்படியே இருந்தது. எனக்குள் ஒரு வெற்றி எழும்பியதை மறைக்க மாட்டேன். அன்று எனக்கு லீவு, மகளும் வீட்டில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தாள், தண்ணீர் குடிக்கக் கீழே வந்து நின்றாள். இதுதான் சமயம் என்று நினைத்து, "பிள்ளைக்கு இடம் பாக்கிறதெண்டால் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மச்சாள்" என்றேன்.

"எந்தப் பிள்ளைக்கு?" என்றார் மச்சாள்.

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, இட்ஸ் நாட் எபவுட் மீ" என்றாள். சொல்லிவிட்டு மாமியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அந்த இரண்டு அடி தூரம் என்னை விட்டு விலகிப் போனதாகத்தான் எனக்கு முதலில் தெரிந்தது. பிறகுதான் விளங்கத் தொடங்கியது. பல் டாக்டருக்கும் என் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவனுடைய பெயர்கூட அவளுக்குத் தெரியாது. வடை பொரித்தது அந்தத் தகப்பன். கோயிலில் அன்னதானச் சட்டி கழுவும் இடத்தில் மச்சாளும் அவரும் பழகினார்கள். மகளோடு பிரெஞ்சில் கதைத்ததும் இதைத்தான். பெண்சாதி போன பிறகு சமைக்கப் பழகிய மனிதர், முதலில் ஒழுங்காக வந்த பலகாரம் அந்த வடைதானாம். நம் விஷயத்தைப் பிள்ளைகளுக்கு மெதுவாகச் சொல்கிறேன், தீபாவளி வரைக்கும் பொறும் என்று மச்சாளிடம் சொல்லியிருந்தார். அதற்குள், பொம்பிளை வீட்டார் உங்கள் அப்பாவைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று டொரன்டோவில் இருந்து மகனுக்குப் போன் வந்துவிட்டது. தாய் எப்படிச் செத்தாள் என்று யாரோ கேட்கிறார்களாம் என்றதும் அவனும் தங்கையும் கொதித்துப்போனார்கள். என்ன பிழை அதில்? என் தாயைப் பற்றி அப்படிக் கேட்டால் நானும் கொதித்திருப்பேன். அந்த மனிதர் வெட்கப்பட்டு அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கே வரவில்லை. பூக்கட்டும் பெண்தான் மச்சாளை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

மச்சாள் கத்தவில்லை. கதிரையில் இருந்து, மேசையில் சிந்தியிருந்த எள்ளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அஞ்சு பேரிட்டையோ விசாரிச்சனீர்?"

"ஓம்."

"நான் அவரை ஒண்டுமே கேக்கேல்லை" என்றார். "ஒரு கேள்வியும் கேக்காமல் ஒரு ஆளோட பழகிறது எப்பிடியிருக்கும் எண்டு பாக்க ஆசையா இருந்தது. முதல் கலியாணத்துக்கு எல்லாம் விசாரிச்சுத்தானே செய்தவை."

அன்று மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணி போடவில்லை. நாடகத்தில் இன்னும் இரண்டு பாகம் இருந்தது. ஆறு வாரம் கழித்து மச்சாள் பாரிஸுக்குத் திரும்பினார். அங்கே பழைய வேலைத் தோழி ஒருத்தியின் வீட்டில் ஓர் அறை இருந்தது. அக்காவுக்கு அங்கேதான் பழக்கம், அதனால் போனார் என்று என் கணவர் இன்றைக்கும் நினைக்கிறார். நானும் மகளும் அவருக்கு எதையும் சொல்லவில்லை. ரயில் நிலையத்தில் வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே போனதும் பாஸ்போர்ட் எடுத்தீர்களா என்று கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன். எடுத்தேன் என்று இரண்டு தரமும் எடுத்துக் காட்டினார்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. இந்த வருடம் என் முழங்காலில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. காலை நீட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தபோது மகள் பெரிய டிவியில் அந்த நாடகத்தைப் போட்டுவிட்டாள், ஆங்கில எழுத்துகளோடு. வேண்டாம் என்றேன். பிறகு அவள் வேலைக்குப் போனதும் நானே போட்டேன். நல்ல நோக்கம் ஒன்றும் இல்லை. மச்சாள் எங்கெங்கே கூட்டிச் சொன்னார் என்று பிடிக்க வேண்டும், அவருடைய பக்கத்திலும் கொஞ்சம் கள்ளம் இருந்தது என்று தெரிந்தால் என் குற்றம் பாதியாகும் என்ற எண்ணம்தான். ஒன்றும் அகப்படவில்லை. கிழவியின் நாலு சொல்லுக்குக் கீழே உண்மையிலேயே இரண்டு வரி வசவு ஓடியது. பணிப்பெண்ணைத் துரத்திய நாயின் பெயர்கூட மச்சாள் சொன்ன பெயர்தான். நான் சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் அவர் நேர்மையாகத்தான் சொல்லியிருந்தார்.

பதினோராம் பாகத்தில் ஓர் இடம் வரும். ராஜாவின் விதவை அக்காவும் ராணியும் தோட்டத்து மண்டபத்தில் இருக்கிறார்கள், வானம் கறுத்திருக்கிறது. கதைக்கு முக்கியமான இடமே இல்லை. அந்த அக்கா ராணியின் பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறாள். அன்றைக்கு மச்சாள் அதைச் சொன்னபோது நான் மடியில் வைத்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "என்ன சொல்லுறா எண்டால், நான் இந்த வயசில ஒருத்தரைக் கலியாணம் செய்தால், நீர் என்னோட ஒரு மேசையில இருந்து சாப்பிடுவீரோ எண்டு கேக்கிறா" என்றார். நான் கீரையில் இருந்து தலையை எடுக்காமல், "இந்த வயசில இவவுக்கு ஏன் இந்த விசர்? குடும்பத்தின்ர மானம் என்னாகிறது? நானெண்டால் எழும்பிப் போயிடுவன்" என்றேன். திரையில் ராணி ஏதோ பதில் சொன்னாள். "அவவும் அதைத்தான் சொல்லுறா" என்றார் மச்சாள். சொல்லிவிட்டு என் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார்.

இப்போது ஆங்கிலத்தில் வாசித்தேன். மழை வரும்போல இருக்கிறது, உள்ளே போவோம் என்கிறாள் அக்கா. குடை கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்கிறாள் ராணி. திருப்பிப் போட்டேன். மூன்று தரம் போட்டேன். மழை, குடை, அவ்வளவுதான். அத்தனை பாகத்திலும் மச்சாள் சொன்ன ஒரே பொய் அதுதான், அந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவேயில்லை. நான் யாரிடமெல்லாமோ கேள்வி கேட்டுத் திரிவதற்கு முன்பே அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். நானும் பதில் சொல்லியிருந்தேன். காலை நீட்டியபடி, பட்டப்பகலில், தனியாக இருந்து அழுதேன்.

கண்ணீர் காய முன்னமே பாரிஸுக்குப் போன் எடுத்தேன். காலுக்கு எப்படி, உறைப்புச் சாப்பிடாதேயும் என்றெல்லாம் மச்சாள் தொடங்கினார். நான் இடைமறித்தேன். "மச்சாள், அந்த ராசாவின்ர அக்கா தோட்டத்தில வைச்சுக் கேட்டதுக்கு நான் பிழையான மறுமொழி சொல்லிப்போட்டன்" என்றேன். போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் எழும்பிப் போகமாட்டன்" என்றேன். "அவவுக்குப் பக்கத்துக் கதிரையிலதான் இருப்பன். அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

மச்சாள் மூக்கை உறிஞ்சினார். "நாடகத்துக்குப் போய் அழுறீரோ" என்றார். அவருடைய குரலும் சரியாக இல்லை. அப்போதுதான் அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு ஆண் குரல் கேட்டது. "இஞ்ச பாரும், சீனியை எங்க வைச்சனீர்?"

"டிவி ஓடுது" என்றார் மச்சாள், அவசரமாக.

என் காது நிமிர்ந்துவிட்டது. எந்த நாட்டு டிவியில் யாழ்ப்பாணத் தமிழில் சீனி தேடுகிறார்கள்? அறுபது தாண்டிய குரல். லூயிஷாம்காரரா, வேறு ஆளா? எப்போது வந்தார், பிள்ளைகளுக்குத் தெரியுமா, அந்தத் தோழி எங்கே? வெம்பிளிக்கு ஒரு போன், சுவிஸுக்கு ஒரு போன் எடுத்தால் பின்னேரத்துக்குள் அவர் எத்தனை கரண்டி சீனி போடுகிறவர் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிடும். வாய்வரை வந்த கேள்வியை விழுங்கினேன். விழுங்குவது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

"சத்தத்தைக் குறைக்காதேங்கோ மச்சாள்" என்றேன். "ஓடட்டும்."